உபயப் பேனரில் இரண்டு முகங்கள்

எங்கள் ஊர் ரந்தாவ். பெரிய சாலையிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்குத் திரும்பும் முச்சந்தியில், கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் ஒரு பேனர் எழும்பும். நடுவில் அம்மன், சுற்றிலும் உபயக்காரர்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர், பெயருக்குக் கீழே ஊர். நான் அதை நின்று பார்த்ததே கிடையாது. அன்று செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எனக்கு முன்னால் திரும்பக் காத்திருந்தது. அதனால் நானும் காடியை நிறுத்த வேண்டியதாயிற்று. லோரி காண்ட்ராக்டருக்கும், ரஹாங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவருக்கும் நடுவில், எங்கள் வீட்டில் ஒளிந்திருந்த இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அவர்களுடைய பெயர்கள், தமிழில். அவற்றுக்குக் கீழே: ரஷ்யா.

பயந்தால் மனத்துக்குள் பட்டியல் போடுகிறவள் நான். மருத்துவமனைகளில் ஸ்கேன் எந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எந்திரம் நின்றுபோனால் முதலில் மின்சாரம், பிறகு இணைப்பு, பிறகு உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை என்று வரிசையாகப் போகப் பழகிய மூளை. அங்கேயும் அதுதான் ஓடியது. யார் பார்த்திருப்பார்கள்? யார் படம் எடுத்திருப்பார்கள்? கோயிலின் முகநூல் பக்கத்தில் ஏற்றியிருப்பார்களா? ஏற்றியிருந்தால், ஒரு முகத்தைக் கொடுத்து அதே முகம் வேறெங்கே இருக்கிறது என்று தேடும் எந்திரங்கள் உண்டு. அவை தேட எவ்வளவு நேரமாகும்? பின்னால் வந்த காடி ஹார்ன் அடித்தது. பட்டியல் பாதியில் அறுந்தது. ஸ்டீரிங்கைத் திருப்பினேன்.

பேனரில் இருந்த இருவரில் பெண்ணை எனக்கு எந்திரங்கள் வழியாகத்தான் தெரியும். என்னைப் போன்ற பழுது பார்ப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவளும் இருந்தாள். அவளுடைய நாட்டில் ஏதோ ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் இதே வேலை. சிரம்பானில் ஒரு பழைய ஸ்கேன் எந்திரம் உயிர் வராமல் என்னை அழவைத்த நாளில், முன்பின் தெரியாத அவள்தான் எந்தப் பலகையை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினாள். அதற்குப் பிறகு பேசிக்கொண்டே இருந்தோம். போர் தொடங்கியதும் அவள் எழுதுவது குறைந்தது. பிறகு ஒரு நாள், நாட்டை விட்டு வெளியே இருப்பதாக எழுதினாள்.

அவளுடைய கணவர் பள்ளி ஆசிரியர். வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு, இது போர்தான், பக்கத்து நாட்டுக்காரர்களைக் கொல்வது தவறுதான் என்று பதில் சொல்லியிருக்கிறார். யாரோ அதைக் கைபேசியில் பதிவு செய்துவிட்டார்கள். அவர் மேல் வழக்கு வந்தது. கைது செய்வதற்கு முன் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு என்று நகர்ந்து, எங்கே தங்குவது என்று தெரியாமல் இருந்தபோது, "எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது" என்று நான் எழுதினேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுடைய அறை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அவர்கள் முறையாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். அனுமதி முடிவதற்குள் எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வருவார்கள். ஐரோப்பிய நாடு ஒன்றில் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள், பதில் வரவில்லை. பதில் வரும்வரை தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் என்னிடம் கேட்ட ஒரே உதவி. கணவருடைய தாயார் வீட்டுக்கு ஆட்கள் வந்து மகன் எங்கே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரியாது என்று அந்த அம்மாள் சொன்னது உண்மை. அது உண்மையாகவே இருக்கட்டும் என்று மகன் தாய்க்கே சொல்லவில்லை. "என் பாஸ்போர்ட்டை அங்கே உட்கார்ந்துகொண்டே செல்லாததாக்கிவிட முடியும்" என்று அவர் ஒரு முறை சொன்னார். "பிறகு நான் எந்த விமானத்திலும் ஏற முடியாது, ஒன்றைத் தவிர." அந்த ஒன்று எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

இதனால் எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் ஏற்பட்டிருந்தன. அவர்கள் பகலில் முன்வாசலுக்கு வருவதில்லை. பின்கதவைத் திறந்தால் கால்வாய், கால்வாயைத் தாண்டினால் எஸ்டேட்டின் செம்பனை வரிசை. அந்தக் கதவின் பக்கத்தில் அவருடைய பை எப்போதும் கட்டியே இருக்கும். எஸ்டேட் காவலாளியின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். நாளடைவில் நானும் நிறுத்தினேன். அம்மா மட்டும் நிறுத்தமாட்டார். "அவன் குலை திருடறவனப் புடிக்க வர்றான்லா, நம்மளயா?" என்று சாம்பாரைக் கிளறிக்கொண்டே இருப்பார். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைப்பவர் அம்மா. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "பாப்பாவோட கூட்டாளிங்க, சுத்திப் பாக்க வந்திருக்காங்க" என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். அவர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பேனரைப் பார்த்த அன்று காடியை நிறுத்திவிட்டு நேராக அடுப்படிக்குப் போனேன். மற்ற இருவரும் அறைக்குள் இருந்தார்கள்.

"மா, அவங்க பேர யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"யாருகிட்ட சொன்னேன்? ஆத்தாகிட்டதான சொன்னேன்."

"ஆத்தாவா பேனர் அடிச்சா?"

அம்மா கரண்டியை வைத்தார். "போட்டுட்டாங்களா? நல்லா வந்திருக்கா?"

"மா!"

"கத்தாத. அதுங்களுக்குப் புடிச்ச கெட்டது வெலகணும்னு ஒரு வேளச் சோறு நேந்துக்கிட்டேன். அதுங்க பேருல உபயம். செயலாளரு போட்டோ கேட்டான். உபயம்னா கேக்கத்தான செய்வான்? தீபாவளிக்கு எடுத்ததுல நல்லதாப் பாத்துக் குடுத்தேன்."

"ஊரு பேரு வேற போட்டிருக்கு."

"கேட்டான், சொன்னேன். பேரும் ஊரும் சொல்லாம 'யாரோ ரெண்டு பேரு, காப்பாத்து'ன்னா ஆத்தா எந்த வீட்டத் தேடிப் போவா, சொல்லு? நட்சத்திரம் தெரியலன்னு என் நட்சத்திரத்தத்தான் ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கேன்."

அம்மாவின் கணக்கில் தவறு இல்லை. அவர் யாரிடம் காட்டிக்கொடுக்க நினைத்தாரோ அவளிடம்தான் காட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பேனரை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

அறையில் இருந்த இருவரிடமும் சொல்லாமல் மறுபடி காடியை எடுத்தேன். கோயில் செயலாளர், முச்சந்திக்கு அந்தப் பக்கம் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். ஒரு மோட்டாரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பேனர்ல எங்க வீட்டு ஆளுங்க மொகத்த எடுத்துருங்கண்ணே."

அவர் தலையைத் தூக்காமலே சிரித்தார். "ஏன் தங்கச்சி, அழகா இல்லையா? வெள்ளக்காரன் உபயம்னு போட்டதுல பக்கத்து எஸ்டேட்டுக்காரன்லாம் வாயப் பொளந்துட்டான் தெரியுமா? நம்ம தலைவரே கேட்டாரு, அடுத்த வருஷம் சிங்கப்பூர்லேர்ந்து யாராச்சும் கெடைப்பாங்களான்னு."

"அவங்களுக்குப் புடிக்கலண்ணே."

"புடிக்கலன்னா? ஆத்தா பக்கத்துல போட்டாச்சு. அங்கேர்ந்து ஒருத்தர் மொகத்தக் கிழிச்சா நல்லதா? நாளைக்கி ஊர்ல என்னா பேசுவான்? ஏதோ திருட்டுக் கேசுன்னு பேசுவான்."

அவர் சொன்னது சரி. காரணமில்லாமல் கிழித்தால் பேச்சு கிளம்பும். உண்மையான காரணத்தைச் சொன்னால் அதைவிடப் பெரிய பேச்சு கிளம்பும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசுகிறவர். அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் ஏன் என்று கேட்காமல் உடனே ஒப்புக்கொள்ளும் காரணம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அவங்க வீட்ல சாவுண்ணே. தீட்டு."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகமே மாறிவிட்டது.

"எப்ப?"

"இன்னிக்கித்தான் சேதி வந்துச்சு."

"காப்பு இன்னும் கட்டல. நல்ல வேள." அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. "ரத்த சொந்தமா?"

தலையாட்டினேன்.

"அப்ப கடல் தாண்டி இருந்தாலும் தீட்டுதான். மொதல்லயே சொல்றதில்லையா தங்கச்சி? நான் பாட்டுக்கு எளிச்சிக்கிட்டு நிக்கறேன்." கையைத் துணியில் துடைத்து, கைபேசியை எடுத்துக் கோயில் பக்கத்திலிருந்த படத்தை என் கண் முன்னால் அழித்தார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே முச்சந்திக்கு நடந்தார். வெள்ளைத் தாளை இரண்டு முகங்கள் மேலும் பெயர்கள் மேலும் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். ஊர்ப் பெயர் மேலும் ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்.

காடிக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தை யாரெல்லாம் பகிர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ரஹாங்கில் இருக்கும் அம்மாவின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, "யாருலா இந்த வெள்ள மாப்ள?" என்று கேட்டுப் போட்டிருந்தாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் தீட்டு என்று எழுதி எடுக்கச் சொன்னேன். கேள்வி கேட்காமல் எடுத்தார்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரு பூவின் படம். எழுதினேன். பதில் வரவில்லை. அந்தப் பூவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாள் எளிதாகத் திறக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "யார் இறந்ததாகச் சொன்னாய்?" என்று அவள் கேட்டாள். ரத்த சொந்தம் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னேன். அவர், தன் தாயாரை நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. அம்மாதான் என்னோடு பேச்சை நிறுத்தினார். "ஆத்தாகிட்டப் போயிப் பொய்த் தீட்டுச் சொல்லியிருக்க" என்றதுதான் அன்று அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை.

மறுநாள் எனக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் நின்றது. அதன் பின்னால் மோட்டார்கள். கதவுகள் அடிக்கும் சத்தம். பேச்சுக்குரல் மட்டும் இல்லை. எங்கள் தெருவில் யாரும் வேனிலிருந்து பேசாமல் இறங்கமாட்டார்கள். கேட்டின் பூட்டை யாரோ பிடித்து ஆட்டினார்கள்.

அவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். அவள் செருப்பில்லாமல் பின்கதவில் நின்றாள். இப்படி ஆட்கள் வந்தால் என்று நாங்கள் முன்பே நடத்திப் பார்த்த ஒத்திகையில் இந்த இடத்தில் நான் முன்பக்கம் போய் நேரம் கடத்த வேண்டும். போனேன். சீருடை தெரிகிறதா, ஆங்கிலம் பேசுவார்களா மலாய் பேசுவார்களா, அம்மாவின் கையை யாராவது பிடித்தால் என்ன செய்வது என்று பட்டியல் தானாக ஓடியது. திரையை ஒரு விரலால் விலக்கினேன்.

செயலாளரின் மனைவி நின்றிருந்தார். கையில் சீனிப் பொட்டலமும் பால்மாவு டின்னும். அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள், ஒருவர் கையில் ரொட்டி டின், ஒருவர் கையில் காப்பித்தூள். துக்கம் கேட்க வந்திருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் யாரும் வாயைத் திறந்து கூப்பிடுவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பூட்டைத் திறந்தேன். அவர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு நேராக உள்ளே போனார்கள். பின்கதவில் வெறுங்காலோடு, வெளுத்துப்போய் நின்றவளைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. செயலாளரின் மனைவி அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"யாரும்மா? அப்பாவா, அம்மாவா? யாரு போனது?"

அவளுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் கொஞ்சம் தெரியும். உப்பு, தண்ணி, சாப்புட்டியா, அப்பா, அம்மா, அண்ணன், தம்பி. ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று நான் நம்பினேன்.

"தம்பி" என்றாள்.

"அய்யோ, தம்பியா! சின்னப் புள்ளையாச்சே!"

நன்றாக நடிக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவள் தோள்களைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அவளுடைய கணவர் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

பெண்கள் போன பிறகு அவளே சொன்னாள். அவளுக்கு ஒரே தம்பி. போருக்கு அழைப்பு வந்தபோது அவன் போனான். போகாதே, எங்களோடு வந்துவிடு என்று இவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். கடைசியில் சண்டையாகிப் பேச்சு நின்றது. அவன் இறந்த செய்தி, இவர்கள் ஏதோ ஒரு நாட்டின் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. நீ வராதே என்று அப்பா எழுதியிருந்தார். போரை எதிர்த்து வெளியேறியவர்களோடு அவனுக்காக அழ முடியவில்லை; அவனுக்காக அழுதவர்கள் இவளைத் துரோகி என்றார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. "நேற்று நீ ரத்த சொந்தம் என்று சொன்னபோது, உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று பயந்தேன்" என்றாள். அவர் மெதுவாகச் சொன்னார்: "வகுப்பில் நான் சொன்னதைத்தான் அவனிடமும் சொன்னேன். அவன் கேட்கவில்லை."

அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப பொய்த் தீட்டு இல்ல" என்றார் அம்மா. "படம் இருக்கான்னு கேளு. ஒரு வெளக்காச்சும் வைக்கணும்ல."

அவள் கைபேசியில் இருந்த அண்மைப் படத்தில் அவன் ராணுவ உடையில் இருந்தான். அதைப் பார்த்ததும் கணவர் எழுந்து வெளியே போகப் போனார். அவள் அதைத் தள்ளிவிட்டு, தள்ளிக்கொண்டே போய், பனியில் முட்டிவரை நிற்கும் ஒரு சிறுவனிடம் வந்து நின்றாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கைபேசியைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார் அம்மா. அம்மா தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் முன்பக்கத் திரைகளை இழுத்துவிட்டு, கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். யாரும் சொல்லாமல் அதைச் செய்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இன்னொரு முகம் தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

திருவிழா முழுவதும் அவர்கள் வெளியே வரவில்லை. தீட்டு வீடு என்பதால் எங்களையும் யாரும் கூப்பிடவில்லை. அதைவிடப் பாதுகாப்பான மறைவிடத்தை நான் யோசித்தே கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனாலும் அந்த முச்சந்தியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தாள் மழையில் நனைந்து உரிகிறதா என்று பார்ப்பேன். ஒரு மூலை உரிந்திருந்த நாளில் காடியை நிறுத்தி இறங்கி, எட்டி, நானே அழுத்திவிட்டேன்.

ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தபோது பேனரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டிப் போனேன். பாஸ்போர்ட்டை நீட்டும் முகப்புவரை எங்களால் கூடப் போக முடியாது. விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரே ஒரு புள்ளி அனுப்புவது என்று பேசி வைத்திருந்தோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் நின்றோம். அம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதில் அவர்கள் இருவருடைய பெயர்களும் ஊரும் திரும்பத் திரும்ப வந்தன. பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்குமோ என்று நான் சுற்றிலும் பார்த்தேன். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. புள்ளி வந்தது.

அடுத்த வருடம் திருவிழா நெருங்கியபோது செயலாளர் அண்ணன் கைபேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நேர்ந்துகொண்ட சோறு இன்னும் போடவில்லை என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கா? தம்பிக்குத் திதியெல்லாம் குடுத்தாளா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். "உபயம் எந்தப் பேருல?"

"பேரு வேணாம்" என்றார் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். "மொகமும் வேணாம். ஆத்தாகிட்ட நான் தனியா சொல்லிக்கிறேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னை. அந்த வெள்ளைத் தாளைப் பற்றி அவர் எவ்வளவு யோசித்திருந்தார் என்று தெரியவில்லை. எதையும் கேட்கவில்லை. "அப்ப அன்பர்னு போட்டுர்றேன், மொகத்துக்குப் பதிலா ஒரு தாமரை" என்று கைபேசியில் தட்டினார். பிறகு விரல் நின்றது. "ஊரு? ஊரு போடாம விட்டா அது ஒண்ணு மட்டும் தனியாத் தெரியும்லா."

தெருவில் ஒரு மோட்டார் மெதுவாகப் போனது. அது எங்கள் வாசலைத் தாண்டும்வரை நான் காத்திருந்தேன்.

"ரந்தாவ்னு போடுங்கண்ணே" என்றேன்.